அன்பின் மொழியில் அந்தலூஸ்

ஸ்பானிய மொழி பேசுவோர் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியும்போது 'நாளை வரை', 'மீண்டும் காணும் வரை' என்னும் பொருள்பட வாழ்த்தி விடைபெறுவர். அவ்வாழ்த்துகளின் தலைச்சொல் 'அஸ்தா' என்பது. நஹ்வின் தொடக்க நூல்களை ஓதியவர்க்கு இச்சொல் புதிதன்று. அது நம் 'ஹத்தா'வேயாகும். நோயுற்ற உறவினர் நலம்பெற வேண்டும், தொலைவு சென்ற மகன் ஊர் திரும்ப வேண்டும் என ஏங்கும் ஸ்பானியத் தாய் தன் விழைவை 'ஓஹலா' என்று தொடங்குகிறாள். இது 'இன்ஷா அல்லாஹ்' என்பதன் திரிபு என்றே நம்மவர் பலர் எழுதிவருகின்றனர். ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி காட்டும் மூலமோ 'லவ் ஷாஅ அல்லாஹ்' என்னும் அந்தலூஸிய அரபு வழக்காகும். 'இன்', 'லவ்' ஆகிய இரண்டும் நிபந்தனையைக் குறிக்கும் சொற்களே எனினும், முன்னது நடக்கக்கூடியதைச் சுட்டும். பின்னதில் ஏக்கம் மிகுதி. 'ஓஹலா'வின் பின் வரும் வினை ஸ்பானிய இலக்கணப்படி விழைவு வடிவிலேயே வருதல் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சொல்லோடு அதன் ஏக்கமும் அம்மொழிக்குள் குடியேறிற்று என்பது புலனாகும்.

ஸ்பெயினில் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதும் நாம் பெரும்பாலும் சொற்பட்டியலோடு நிறைவடைந்துவிடுகிறோம். சர்க்கரை, அரிசி, பருத்தி, எண்ணெய், வாய்க்கால், நீரிறைக்கும் சக்கரம், ஊர்த்தலைவர், சுங்கம் ஆகியவற்றுக்கெல்லாம் ஸ்பானியர் வழங்கும் பெயர்கள் அரபு வழி வந்தவை. வழிச்சொற்களையும் சேர்த்தால் இத்தகைய சொற்கள் ஏறத்தாழ 4,000 என ஸ்பானிய மொழி வரலாற்றாசிரியர் ரஃபாயேல் லாபேசா மதிப்பிட்டார். இப்பட்டியலைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆயினும் வயலுக்கும் சந்தைக்கும் அரசு அலுவலுக்கும் சொல் தந்தவர்கள் வீட்டுக்குள்ளே, தாய்க்கும் பிள்ளைக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே நிகழும் அன்புரையில் என்ன விட்டுச்சென்றனர் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் வரும் முதல் விடை நமக்கு அத்துணை உவப்பானதாக இராது.

ஸ்பானிய மொழியில் அன்பைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் அனைத்தும் இலத்தீனின் பிள்ளைகளே. 'அமோர்' என்பது காதல்; அதன் மூலம் வெளிப்படை. அன்றாட வாழ்வில் மிகுதியாக வழங்குவது 'தே கியெரோ' என்னும் தொடர். இதன் வினையாகிய 'கெரேர்', தேடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றியது. தேடுதல் விரும்புதலாகி, விரும்புதல் நேசித்தலாயிற்று. இன்றும் 'எனக்கு நீர் வேண்டும்' என்பதற்கும் 'உன்னை நேசிக்கிறேன்' என்பதற்கும் அவர்களுக்கு வினை ஒன்றே. பரிவையும் பாசத்தையும் குறிக்கும் 'கரீனியோ' என்னும் சொல்லின் பிறப்பு இன்னும் சுவையானது. இல்லாமையை உணர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து, ஏங்குதல் எனப் பொருள்பட்ட வட்டார வழக்கொன்றின் வழியே அது வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பிரிவில் ஏங்கியவர்களின் சொல் கூடியிருப்போரின் பாசத்துக்குப் பெயராயிற்று போலும்.

அப்படியானால் அரபின் பங்கு ஏதுமில்லையோ எனின், உண்டு. அது பட்டியலில் எளிதில் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. ஒருவர்க்கு இனிக்கும் சொல்லாலோ செயலாலோ அன்பைக் காட்டுவதற்கு ஸ்பானிய மொழியில் 'அலகார்' என்றொரு வினை உண்டு. பழைய வழக்கில் வருடிக்கொடுத்தல், கொஞ்சுதல் என்னும் பொருள்களும் அதற்கிருந்தன. அகராதியாளர் இதற்குக் காட்டும் மூலம் 'கலக்க' என்னும் அரபு வினை. படைத்தல் என்னும் பொருளிலேயே நாம் அதனை நன்கறிவோம். ஆயின் மெருகிடுதல், வழவழப்பாக்குதல் என்பதும் அவ்வேரின் பொருள்களுள் ஒன்று. செதுக்கி மெருகிடப்பட்ட அம்பை 'முகல்லக்' என்றும் வழுவழுப்பான பாறையை 'கல்காஃ' என்றும் அரபியர் வழங்கினர். நற்குணங்களைக் குறிக்க நாம் நாள்தோறும் சொல்லும் 'அக்லாக்' என்பதும் இவ்வேரின் கிளையே. கரடுமுரடு நீக்கி இதமாக நடந்துகொள்ளுதல் அன்பின் வெளிப்பாடு என்னும் கருத்து இச்சொல்லோடு ஸ்பானியத்துக்குள் போயிற்று. பிற்காலத்தில் முகத்துதி என்னும் பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது வேறு செய்தி.

'மெஸ்கீனோ' என்னும் சொல்லின் கதை இதற்கு நேர்மாறானது. 'மிஸ்கீன்' என்பதன் வடிவமாகிய இது பழைய ஸ்பானியத்தில் ஏழை, இரங்கத்தக்கவர் என்று பொருள்பட்டது. நாளடைவில் இரக்கம் தேய்ந்து, கஞ்சன், அற்பன் என்னும் பொருளே மேலோங்கிற்று. நம்மூர்ப் பெண்கள் இன்றும் ஒரு பாவப்பட்ட பிள்ளையைப் பார்த்து 'மிஸ்கீன்' என்று சொல்லும்போது அதில் தொனிக்கும் கனிவு ஸ்பானியத்தில் இல்லாமற் போயிற்று. நற்செய்தி கொணர்ந்தவருக்கு மகிழ்ந்து கொடுக்கும் பரிசும், அவ்வேளையில் எழும் மகிழ்ச்சிக் கூவலும் 'அல்ப்ரீசியாஸ்' எனப்பட்டன. 'அல்பிஷாரத்' என்பதே அதன் மூலம். தலையணைக்கு அவர்கள் வழங்கும் 'அல்மொஆதா' நம் 'மிகத்தா'. கன்னத்தை வைக்கும் இடம் என்பது பொருள்; 'கத்து' என்றால் கன்னம்.

இத்துணைச் சிலவே எனில், இதனை எழுதுவதற்கு ஏது என்ன? சொல் எங்கிருந்து வந்தது என்னும் வினாவோடு, யார் அதைப் பேசினர் என்னும் வினாவும் உண்டு. முதல் வினாவையே பிடித்துக்கொண்டு இரண்டாவதை நாம் நெடுங்காலம் விட்டுவிட்டோம். ஹிஜ்ரி 92இல், அதாவது கி.பி. 711இல், தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்தபோது தீபகற்பத்தில் வழங்கியது இலத்தீன் சிதைந்து உருவாகிக்கொண்டிருந்த பேச்சு மொழி. அரபு நூலார் அதனை 'அஜமிய்யா' என்றும் 'லத்தீனிய்யா' என்றும் குறித்தனர். அம்மொழி கிறித்தவரின் தனியுடைமையாக இருக்கவில்லை. இஸ்லாத்தைத் தழுவிய உள்நாட்டு மக்கள் அதனைக் கைவிடவில்லை. அரபுக் குடும்பங்கள் அம்மக்களோடு மணவுறவு கொண்டன. கொர்தோபாவுக்கு வடக்கே வாழ்ந்த பலிய்யு குலத்தார் ஆணும் பெண்ணுமாக அரபு மட்டுமே பேசினர், லத்தீனிய்யா அறியார் என்று இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) தம் குலவரலாற்று நூலாகிய 'ஜம்ஹரா'வில் வியப்புக்குரிய செய்தியாகக் குறித்துள்ளார்கள். ஒரு குலத்தார் பேசாதது குறிப்பிடத்தக்கதாயிற்று எனின், ஏனையோர் பேசினர் என்பது தானே பெறப்படும்.

கொர்தோபாவின் காழிகளைப் பற்றி அல்குஷனீ எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. யனாயிர் என்னும் முதியவர் அஜமிய்யா மட்டுமே பேசுபவர், நேர்மைக்குப் பேர்போனவர். காழி ஒருவரைப் பற்றி அவரிடம் சாட்சியம் கேட்கப்பட்டது. தாம் அவரை அறியார் என்றும், நல்லவரல்லர் என்று மக்கள் பேசக் கேட்டதுண்டு என்றும் முதியவர் கூறினார். அப்போது 'ஆள்' என்பதை அஜமிய்யாவில் சிறுமை வடிவில் சொன்னார் என அல்குஷனீ குறிக்கிறார். இரண்டாம் அப்துர் ரஹ்மான் அச்சொல்லைக் கேட்டு நகைத்தாராம். காழி பதவி இழந்தார். அரபு இலக்கணத்தில் 'தஸ்கீர்' என்று நாம் கற்பிப்பது இதுவே. ஒரு பெயரைச் சிறிதாக்கிச் சொல்வதற்கு இழிவும் பயனாகலாம், அன்பும் பயனாகலாம். லுக்மான் (அலை) தம் மகனை விளிக்கும் 'புனய்ய' என்னும் வடிவம் அன்பின் தஸ்கீர். திருக்குர்ஆனில் அது ஆறு இடங்களில், நூஹ், இப்ராஹீம், யஃகூப் (அலை) ஆகியோர் வாயிலும் வருகிறது. ஸ்பானியருக்கோ அன்புரையின் உயிரே இவ்வடிவந்தான். பாட்டியை 'அபுவேலா' என்பது முறை. 'அபுவெலீத்தா' என்பது பாசம். மகன் 'ஈஹோ', கொஞ்சும்போது 'ஈஹீத்தோ'. இவ்வழக்கம் அரபு தந்ததன்று, இலத்தீனிலும் இருந்ததே. ஆனால் இரு மொழியும் பேசிய வீடுகளில் இது ஒன்றற்கொன்று அயலாக ஒலித்திராது. தமிழில் இதற்கென ஒரு விகுதி இல்லாமையால் மொழிபெயர்ப்போர் இடர்ப்படுவர். 'குட்டி', 'சின்ன' முதலியவற்றைக் கொண்டே நாம் ஒப்பேற்ற வேண்டியுள்ளது.

இவ்விருமொழி வாழ்வின் எழுத்துச் சான்று 1948இல் வெளிப்பட்டது. ஹங்கேரியில் பிறந்து பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய சாமுவேல் ஸ்டெர்ன் என்னும் இளம் அறிஞர், 'அல்அந்தலூஸ்' என்னும் ஸ்பானிய ஆய்விதழில் கட்டுரையொன்று வெளியிட்டார். அந்தலூஸில் தோன்றிய முவஷ்ஷஹ் என்னும் பாவகையின் இறுதி அடிகளுக்குக் 'கர்ஜா' என்பது பெயர். வெளியேறும் இடம் என்று பொருள். ஹீப்ரு முவஷ்ஷஹ்களின் இறுதியில் பொருள் விளங்காது கிடந்த இருபது கர்ஜாக்கள் உண்மையில் பழைய ஸ்பானியப் பேச்சுமொழியில் அமைந்தவை என அவர் காட்டினார். 1952இல் எமிலியோ கார்ஸியா கோமெஸ் அரபு முவஷ்ஷஹ்களிலிருந்து மேலும் இருபத்து நான்கை வெளியிட்டார். இவற்றுள் ஒன்று 1042க்கு முற்பட்ட பாடலில் வருவது. ஐரோப்பியப் பேச்சுமொழிகளின் காதற்பாடல் பிரான்சின் தென்பகுதியில் தொடங்கிற்று என்று அதுவரை எழுதிவந்தவர்கள் தம் பாடநூல்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

அக்கர்ஜாக்களில் பேசுபவள் பெரும்பாலும் ஓர் இளம்பெண். தாயை அழைத்துத் தன் துயரைச் சொல்கிறாள். அவன் எப்போது வருவான் என்கிறாள். பிரிவு தாங்கவில்லை என்கிறாள். சங்க அகப்பாடலை அறிந்தவர்க்கு இந்தக் குரல் அயலானதன்று. வினைகளும் வேற்றுமைகளும் இலத்தீன் வழிப்பட்டவை. ஆனால் அவள் தன் அன்பனை அழைக்கும் சொல் பல பாடல்களில் 'ஹபீப்'! ஸ்பானியத்தின் முன்னோடி மொழியில் ஓர் அன்புரை முதன்முதல் ஏட்டில் ஏறியபோது, அன்புக்குரியவனின் பெயர் அரபாயிருந்தது. ஏட்டில் ஏற்றியவை அரபு, ஹீப்ரு எழுத்துகள். ஏற்றியவர்கள் முஸ்லிம், யூதப் புலவர்கள். இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உயிர்க்குறிகள் இன்றி, அம்மொழி அறியாத கீழ்நாட்டு எழுத்தர்களால் படியெடுக்கப்பட்டமையால் இவ்வடிகளின் வாசிப்பு இன்றும் சர்ச்சைக்குரியது; ஆலன் ஜோன்ஸ் 1988இல் கார்ஸியா கோமெஸின் வாசிப்புகள் பலவற்றை ஐயுற்றார். கர்ஜாக்களுள் பெரும்பாலானவை கொச்சை அரபில் உள்ளவை, ஸ்பானியப் பேச்சுமொழியில் உள்ளவை சிறுபான்மையே என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் பெண்ணின் நெஞ்சுரையைச் சொல்ல வீட்டுமொழியே தக்கது என்று புலவர் கருதினர் என்பதில் ஐயமில்லை. பின்னாளில் எகிப்தில் முவஷ்ஷஹுக்கு இலக்கணம் வகுத்த இப்னு ஸனாஉல் முல்க்கும், இறுதியடி செவ்வியல் அரபிலன்றிப் பேச்சிலோ அஜமிய்யாவிலோ அமைதலே சிறப்பு என்று விதித்தார்.

பேச்சில் மட்டுமன்றிச் செயலில் காட்டும் அன்புக்கும் ஒரு சான்று காண்போம். இஷ்பீலியாவை, அதாவது செவில்லை, 1069 முதல் 1091 வரை ஆண்ட அல்முஃதமித் இப்னு அப்பாதின் மனைவி இஃதிமாத். ருமைக் என்பாரின் அடிமைப் பெண்ணாக இருந்தமையால் ருமைக்கிய்யா எனப்பட்டவர். அரசர் தொடங்கிய கவிதையடியை ஆற்றங்கரையில் நின்று அவர் முடித்துவைத்தார் என்பது இருவரும் சந்தித்ததாகச் சொல்லப்படும் வரலாறு. அவர் பெயரின் எழுத்துகளை அடிமுதல்களாகக் கொண்டு அரசர் ஒரு பாடல் இயற்றியதும் உண்டு. இவ்விணையரின் கதை ஸ்பானிய உரைநடையின் தொடக்கநூல்களுள் ஒன்றான 'கோந்தே லூகானோர்' என்பதில், 1335இல், தொன் ஹுவான் மானுவேல் என்னும் கிறித்தவப் பிரபுவின் கையால் எழுதப்பட்டிருக்கிறது.

அக்கதைப்படி, கொர்தோபாவில் ஒருநாள் பனி பெய்தது. அரிதாகப் பெய்யும் அப்பனியைக் கண்ட அரசி, எப்போதும் காண இயலவில்லையே என்று அழுதார். அரசர் கொர்தோபாவின் மலைச்சரிவெங்கும் வாதுமை மரங்களை நடுவித்தார். பிப்ரவரியில் அவை பூக்கும்போது மலை பனி போர்த்தியதுபோல் தோன்றும் என்பதற்காக. மற்றொரு நாள், செங்கல்லுக்காகச் சேற்றை மிதித்துக்கொண்டிருந்த எளிய பெண்ணைக் கண்டு, தாமும் அவ்வாறு மிதிக்க இயலவில்லையே என்று அரசி கண்கலங்கினார். நீர்நிலையொன்றைப் பன்னீராலும் சர்க்கரை, இலவங்கப்பட்டை, இஞ்சி, கஸ்தூரி, அம்பர் முதலியவற்றாலும் நிரப்பிச் சேறாக்கித் தந்தார் அரசர். பின்னொரு நாள் ஊடலின்போது, தமக்காக அரசர் எதையுமே செய்ததில்லை என்று அரசி சொல்ல, சேற்றின் நாளையும் மறந்தாயோ என்று அவர் கேட்டார். ஸ்பானிய நூலாசிரியர் இவ்விடத்தில் அரசரின் சொற்களை அரபிலேயே தந்து, பிறகு பொருள் கூறுகிறார். வீட்டுக்குள் கணவன் மனைவியிடம் சொன்ன சொல் அதன் சொந்த ஒலியோடு நிற்கட்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இதே நிகழ்ச்சியை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அல்மக்கரீ தம் 'நஃப்ஹுத் தீப்' நூலில் கூறுகிறார். இரண்டும் முடியும் இடம் வேறு. ஸ்பானிய நூல், நன்றியறியாதவர்க்காக ஒருவர் தம்மை வருத்திக்கொள்ளலாகாது என்னும் படிப்பினையை எடுக்கிறது. அல்மக்கரீயின் நூலில் அரசி நாணி, பிழை பொறுக்க வேண்டுகிறார். மண்வாழ்வின் உள்ளறிந்த முடிவு பின்னதே என்பது நம் துணிபு. முன்னது பிரபுக்களுக்கான அரசியல் அறிவுரை. 1091இல் முராபித்துகள் அரசரைப் பதவி நீக்கி மொராக்கோவின் அஃமாத்துக்கு நாடுகடத்தினர். அரசியும் உடன் சென்றார். பெண்மக்கள் கூலிக்கு நூல் நூற்று வாழ்ந்த வறுமையில் இஃதிமாத் மறைந்தார். அரசரும் 1095இல் அங்கேயே மறைந்தார். ஊடலில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னவர் அனைத்தையும் இழந்த கணவரைவிட்டு நீங்கவில்லை என்னும் செய்தி 'கோந்தே லூகானோர்' கதையில் இல்லை.

இனி, வாழ்த்தும் விளியும் பற்றி. ஸ்பானியர் பிள்ளையையோ துணையையோ 'என் உயிரே', 'என் ஆன்மாவே', 'என் கண்ணே' என அழைப்பர். செவில்லில் அறிமுகமற்றவரையும் 'மி ஆல்மா' என்பர். அழகிய பிள்ளையைக் கண்டால் பெற்ற தாயை வாழ்த்துவர். எதிர்காலச் செயலைச் சொன்னால் 'இறைவன் நாடினால்' என்று சேர்ப்பர். இவை அரபு வழக்குகளின் மொழிபெயர்ப்பே என அமெரிகோ காஸ்த்ரோ 1948இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஸ்பானியரின் உள்ளமே முஸ்லிம், யூதர், கிறித்தவர் ஆகிய மூவரின் கூட்டுவாழ்வில் உருவானது என்பது அவர் கொள்கை. கிளாடியோ ஸாஞ்செஸ் அல்போர்னோஸ் 1956இல் இரு பெருந்தொகுதிகள் எழுதி அதனை மறுத்தார். உள்நாட்டுப் போரால் நாடிழந்த இவ்விருவரின் நூல்களும் புவெனோஸ் ஐரெஸ் நகரிலேயே அச்சாயின என்பது எண்ணத்தக்கது.

நம்மவர் காஸ்த்ரோவின் பக்கமே சாய்வர். ஆயினும் எல்லாவற்றையும் அவர் வழியே ஏற்றல் இயலாது. நாடுகடத்தப்பட்ட சிசெரோ தம் மனைவிக்கு எழுதிய மடல்களில் அவரை ஒளியென்றும் உயிரென்றும் விளித்தார். அக்காலத்தில் அரபு மொழி ஐரோப்பாவை எட்டவில்லை. கண்ணே, உயிரே என்று தமிழ்த் தாய்மார் கொஞ்சுவதற்கு அரபுச் செல்வாக்கைக் காரணம் காட்டுவார் எவருமிலர். மனிதர் தமக்கு மிக அரியதைச் சொல்லி அன்பு காட்டுவது எங்கும் உள்ளதே. 'இறைவன் நாடினால்' என்பதை ஓயாது சேர்க்கும் பழக்கத்தில் முஸ்லிம் அண்டை வாழ்வின் தடம் இருத்தல் மிக இயல்பு. 'ஓஹலா'வே அதற்குச் சான்று நிற்கிறது. பிற விளிகளில் அவ்வளவு உறுதி கூறுவதற்கில்லை.

இரண்டாவது வினாவுக்கு மீள்வோம். கிறித்தவ அரசுகளின் கீழ் வந்த முஸ்லிம்கள் தலைமுறைதோறும் அரபை இழந்து ஸ்பானியத்தையே தாய்மொழியாகக் கொண்டனர். செகோவியாவின் முஃப்தி ஈஸா இப்னு ஜாபிர் 1462இல் மார்க்கச் சட்டச் சுருக்கமொன்றைக் காஸ்தீலிய மொழியிலேயே எழுதினார். செல்வமும் அரபுக் கல்விக்கூடங்களும் போயினமையால் மக்கள் அரபை மறந்தனர் என்று அதற்குக் காரணம் கூறினார். அண்டை வீட்டார் உறவினராயினும் அயலாராயினும் வேற்றுச் சமயத்தவராயினும் அவரை மதித்தல் வேண்டும் என்பது அதன் தொடக்கக் கட்டளைகளுள் ஒன்று. 1492இல் கர்னாத்தா வீழ்ந்தது. பத்தாண்டுகளுக்குள் காஸ்தீலியாவிலும், 1526க்குள் அரகோனிலும் இஸ்லாம் தடைசெய்யப்பட்டது. கட்டாய ஞானஸ்நானம் பெற்ற இம்மக்கள் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1567இன் அரசாணை கர்னாத்தாவில் அரபு பேசுவதையும் எழுதுவதையும், அரபுப் பெயர்களையும் உடைகளையும் தடுத்தது.

இந்நிலையில் அவர்கள் மறைவாக எழுதியவை 'அல்ஹமியாதோ' நூல்கள்: மொழி ஸ்பானியம், எழுத்து அரபு. பாஃவுக்கு ஷத்து இட்டால் 'ப', ஜீமுக்கு ஷத்து இட்டால் 'ச்ச', ஃபத்ஹாவோடு அலிஃப் சேர்ந்தால் 'எ' என்று வழி கண்டனர். அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டித் தமிழ் எழுதிய காயல்பட்டினம், கீழக்கரை முன்னோர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது தூரத்து உறவினரின் கையெழுத்தைக் காண்பது போன்றது. வணக்கத்துக்கு நாம் தொழுகை, நோன்பு எனத் தமிழ்ப் பெயர் கொண்டோம். அவர்களோ 'அஸலா' என்று அரபையே வைத்துக்கொண்டு, அரபு வினைகளுக்கு ஸ்பானிய விகுதி சேர்த்தனர். அல்லாஹ் படைத்தான் என்பதற்கு 'கலெகார்' என்னும் வினையை ஆக்கினர். மேலே கண்ட 'அலகார்' பிறந்த அதே வேர்! அரசவையின் ஸ்பானியத்தில் அது கொஞ்சுதலாகவும், மறைவிடத்து முஸ்லிமின் ஸ்பானியத்தில் படைத்தலாகவும் ஒரே காலத்தில் வாழ்ந்தது.

அந்நூல்களில் 'அரேவாலோ இளைஞர்' என்று மட்டும் அறியப்படும் ஓர் எழுத்தாளர், பதினாறாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று மூத்தவர்களைக் கண்டு மார்க்கம் கேட்டவர். கர்னாத்தாவில் யூஸுஃப் பனேகாஸ் என்னும் பெரியவரைக் கண்டதை எழுதியுள்ளார். போரில் மனைவியையும் மக்களையும் இழந்து, எஞ்சிய ஒரு மகளோடு வாழ்ந்தவர் அப்பெரியவர். இளைஞரை 'மகனே' என்றழைத்து, கர்னாத்தாவின் அழிவைச் சொல்லுகிறார். முடிந்துபோனதற்காகத் தாம் அழவில்லை, அது திரும்பி வாராது. இந்த இளைஞர் உயிரோடிருந்தால் இனிக் காணப்போவதை எண்ணியே அழுவதாகக் கூறுகிறார். அவர் எம்மொழியில் அழுதார் என்பது வேறு. நம் கைக்கு அது ஸ்பானியத்தில்தான் வந்திருக்கிறது. ஸ்பானிய மொழியில் ஒரு மூத்தவர் இளையவர்பால் காட்டிய பரிவுக்கு இதனினும் சிறந்த பக்கத்தை நாம் கண்டதில்லை. இத்தகைய ஏடுகள் பல, 1884இல் அரகோனின் அல்மொனாஸித் தெ லா ஸியெர்ரா என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது பொய்த்தளத்தின் இடையே ஒளிக்கப்பட்டிருக்கக் கிடைத்தன. மதிப்பறியாது சில ஏடுகள் எரிக்கவும்பட்டன.

1609 செப்டம்பரில் வலென்ஸியாவில் நாடுகடத்தல் ஆணை பறைசாற்றப்பட்டது. 1614க்குள் ஏறத்தாழ 3,00,000 பேர் வெளியேற்றப்பட்டனர். தூனிஸை ஆண்ட உஸ்மான் தாய் வந்தவர்களை ஏற்று நிலம் தந்தார். அங்குக் குடியேறிய பெயரறியா மொரிஸ்கோ ஒருவர் ஸ்பானியத்திலேயே எழுதிய நூல் மத்ரீதில் அரச வரலாற்றுக் கழகத்தில் உள்ளது. அதில் மணவாழ்வைப் பற்றிய பகுதியொன்று உண்டு. மனைவியிடம் கனிவு காட்டுதலும், கூடலின் இன்பமும் இறையருளின் ஒரு கூறு என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அஹ்மத் ஸர்ரூக் (ரஹ்) ஆகியோர் வழிநின்று கூறும் அவர், இடையிடையே லோபே தெ வேகாவின் காதற்பாக்களை நினைவிலிருந்து எடுத்தாள்கிறார். தம்மைத் துரத்திய நாட்டின் தலைசிறந்த கவிஞரை அவர் மனப்பாடமாகச் சுமந்து சென்றிருந்தார். இதனைப் பதிப்பித்த புவெர்த்தோ ரீக்கோ அறிஞர் லூஸே லோபெஸ் பாரால்த் 1992இல் இதற்கு 'ஸ்பானியக் காமசூத்திரம்' எனப் பெயரிட்டார். விற்பனைக்கு அப்பெயர் உதவியிருக்கலாம். நூலின் இயல்புக்குப் பொருந்தவில்லை. நம் கிதாபுகளில் 'ஆதாபுன் நிகாஹ்' எனப்படும் பகுதியே அது.

அரகோனைச் சேர்ந்த முஹம்மத் ரபதான் 1603இல், நாடுகடத்தலுக்கு முன்பே, பெருமானாரின் (ஸல்) ஒளிவழி மரபைப் பற்றி ஸ்பானிய நாட்டுப்பா வடிவில் நெடும்பாடல் இயற்றினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் உமறுப் புலவர் தமிழ் விருத்தத்தில் செய்ததை அவர் தம் தாய்மொழியில் செய்தார் எனலாம். அப்பாடலின் ஏடொன்றை ஜோசப் மோர்கன் என்னும் ஆங்கிலேயர் 1719இல் தூனிஸ் நாட்டின் தஸ்தூரில் வாங்கினார். மொரிஸ்கோக்கள் அமைத்த ஊர் அது. சதுக்கமும் ஓடு வேய்ந்த வீடுகளும் அரகோனை நினைவூட்டுவன. ஸ்பானியத் துறவி பிரான்ஸிஸ்கோ ஹிமெனெஸ் 1720களில் அங்குச் சென்றபோது, வெளியேற்றப்பட்டு நூறாண்டு கடந்தும் அவ்வூரார் தம்முள் ஸ்பானியம் பேசக் கேட்டார்.